பை தூக்கியவன் ஆட்டம்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போய் நிற்பது என் வெகுநாளைய பழக்கம். ஏழு பத்துக்கு ஊட்டி ரயில் புறப்படும். 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் உதகை வரைக்கும் மலையேறிய அந்தக் குட்டி ரயிலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நான் ரயிலைப் பார்க்கப் போவதில்லை. அதில் ஏறுகிறவர்களைப் பார்க்கப் போகிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதுவும் ஒரு சரக்குக் கொள்முதல்தானே!

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு நாள் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் நண்பர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நடுத்தர வயதுக் கனவான் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு போர்ட்டர், தன் மார்பு உயரத்துக்கு இருந்த ஒரு நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பையின் வாயிலிருந்து இரும்புத் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அதைத் திணிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

“என்னங்க அது, பீரங்கியாட்டம்?” என்றார் நண்பர்.

“கோல்ப் மட்டைங்க.”

“அட, அந்தப் பணக்காரங்க ஆட்டமா! நூறு ஏக்கரிலே புல்லை வளத்து, அதிலே குழி தோண்டி, எலுமிச்சங்காயத்தண்டி ஒரு பந்தை அதுக்குள்ளே தள்ளறதுக்குப் பேரு விளையாட்டு. அதிலே எவன் ஜெயிச்சா நமக்கென்னங்க? தோத்தா நமக்கென்னங்க?”

நான் சிரித்து வைத்தேன். நண்பர் நல்லவர், ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் சொன்னது பணக்காரர்களுக்கு விரோதமாகச் சொன்ன வார்த்தை; ஆகவே ஏழைகளுக்குச் சாதகமான வார்த்தை என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் பல வருஷங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பவானிப் பாலத்தைத் தாண்டி ரயில் மறைந்த பிறகு, வீட்டுக்கு நடக்கையில்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அன்று வாயில் வராததை இங்கே எழுதுகிறேன். அவரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்தான்.

முதலில் ஒரு விஷயம். கோல்ப் பணக்காரர்கள் ஆட்டம் என்பது பாதி உண்மை. மைதானம் அவர்களுடையது, ஆட்டம் அவர்களுடையது அல்ல. அந்த ஆட்டத்தை நன்றாக ஆடக் கற்றுக்கொண்டவர்கள், அதைத் தொழிலாகவே கொண்டு உலகத்துக்கு முன்னால் ஆடிக் காட்டியவர்கள், ஆதி முதலே பெரும்பாலும் பை தூக்கினவர்களும் புல் வெட்டினவர்களும்தான்.

1860-ல் ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக் என்ற ஊரில் முதல் ஓபன் போட்டி நடந்தது. ஆடியவர்கள் எட்டே பேர். எட்டுப் பேரும் தொழில் ஆட்டக்காரர்கள். தொழில் என்றால் என்ன? பந்து செய்கிற தொழில், மட்டை செய்கிற தொழில், மைதானத்தைப் பராமரிக்கிற தொழில், துரைமாருக்குப் பை தூக்கிக்கொண்டு கூட நடக்கிற தொழில். அந்தப் போட்டியை நான்கு முறை வென்ற டாம் மாரிஸ், தோல் உறைக்குள் இறகை அடைத்துப் பந்து தைக்கும் பட்டறையில் வேலை கற்றவர். பிற்பாடு மைதானக் காவலராகவும் புல்தரைப் பராமரிப்பாளராகவும் சம்பளம் வாங்கினவர். கனவான்கள் பொழுதுபோக்காக ஆடினார்கள். அவர்களுக்கு ‘அமெச்சூர்’ என்று கௌரவமான பெயர். கூலி வாங்கி ஆடியவனுக்குத் ‘தொழில் ஆட்டக்காரன்’ என்று பெயர். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நமக்குக் கார் விளம்பரமும் கைக்கடிகார விளம்பரமும் ஞாபகம் வருகின்றன. அன்று அது ‘பின்வாசல் வழியாக வா’ என்பதற்கு இன்னொரு பெயர்.

பின்வாசல் என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. தொழில் ஆட்டக்காரன் கிளப் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது ரொம்ப காலம் வழக்கமாக இருந்தது. பந்தயத்தில் அவன் ஜெயிக்கலாம். உள்ளே வந்து உடை மாற்றக்கூடாது. வால்ட்டர் ஹேகன் என்ற அமெரிக்கர், தாமும் பை தூக்கி வளர்ந்தவர், 1920-ல் இங்கிலாந்தில் டீல் என்ற ஊருக்கு ஓபன் ஆட வந்தார். உள்ளே இடமில்லை என்றார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய காரொன்றை வாடகைக்கு அமர்த்தி, கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டார்! அதே வருஷம் அமெரிக்காவில் டொலீடோ நகரத்து இன்வர்னஸ் கிளப் தன் கதவைத் தொழில் ஆட்டக்காரர்களுக்குத் திறந்தது. நன்றிக்கு அடையாளமாக அவர்கள் பணம் சேர்த்து ஓர் ஆளுயரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே விட்டதற்கு நன்றி! அந்தக் கடிகாரத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. ஒரு மனிதனை வாசற்படி தாண்ட விட்டதற்கு அவன் கைக்காசு போட்டுப் பரிசு தரவேண்டியிருந்ததே என்ற எண்ணம்தான் வருகிறது.

இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 16 வயதுக்கு மேல் ஒரு பையன் கூலிக்குப் பை தூக்கினால், அவன் அமெச்சூர் அல்ல என்று விதி இருந்தது. ஒரு பந்துகூட அடிக்க வேண்டாம். அடுத்தவன் மட்டைகளைச் சுமந்து காசு வாங்கினாலே போதும். கனவான்கள் கூட்டத்திலிருந்து கழித்துவிடுவார்கள். சுமையே தீட்டு! நம் நாட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தீட்டு என்பது எப்படி வேலை செய்யும் என்று நமக்குப் பிறர் வந்து பாடம் சொல்ல வேண்டாம்.

தீட்டு என்றதும் எனக்கு நினைவு வருகிறவர் பாப்வா சேவ்கோலம். 1860 முதல் நம் நாட்டுக் கூலிகளைக் கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலேற்றினார்களே, அந்த நேட்டாலில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். டர்பனில் பை தூக்கிப் பிழைத்தவர். பள்ளிக்கூடம் அறியாதவர். மட்டையை எல்லோரும் இடது கை மேலும் வலது கை கீழுமாகப் பிடித்தால் அவர் தலைகீழாக, வலது கை மேலும் இடது கை கீழுமாகப் பிடிப்பார். ‘அப்படியல்ல, இப்படி’ என்று கையைத் திருத்தி வைக்க ஓர் ஆசான் அவருக்கு வாய்க்கவில்லை. அந்தப் பிழையான பிடியோடு 1959-ல் ஐரோப்பாவுக்குப் போய் டச்சு ஓபனை வென்றார். 1960-ல் மறுபடி வென்றார். 1964-ல் மூன்றாம் தரமும் வென்றார்.

சொந்த ஊரில்? 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் நடந்தது. வெள்ளைக்காரர்கள் நடுவே ஆடி அதையும் வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவர் நுழையக்கூடாது என்பது நிறவெறிச் சட்டம். வெள்ளைக்காரர்கள் கூரைக்குக் கீழே இருக்க, ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். 1965-ல் அதே போட்டியில், உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான கேரி பிளேயரையே முந்தி ஜெயித்தார். அதற்கப்புறம் அந்தச் சர்க்காருக்குப் பொறுக்கவில்லை. உள்ளூர்ப் போட்டிகளில் அவர் ஆடக்கூடாதென்று தடுத்தார்கள்; பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஐம்பது வயது நிறையுமுன் 1978-ல் செத்துப்போனார். இன்று டர்பனில் ஒரு கோல்ப் மைதானத்துக்கு அவர் பெயர். செத்தவனுக்கு மைதானத்தையே கொடுப்பார்கள். உயிரோடு இருந்தவனுக்குக் கூரைக்குக் கீழே நாலு அடி இடம் கொடுக்கவில்லை.

‘அது நிறவெறி தேசம் ஐயா, நம் நாட்டில் அப்படியெல்லாம் கிடையாது’ என்பீர்கள். நம் நாட்டுக்கே வருவோம்.

1964-ல் இந்தியன் ஓபன் போட்டி தொடங்கிற்று. அடுத்த வருஷமே பி. ஜி. சேத்தி என்ற அமெச்சூர் ஒருவர் அதை வென்றார். அதற்குப் பிறகு 26 வருஷங்கள் இந்தியர் எவரும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. வெளிநாட்டார் வந்து வாங்கிப் போனார்கள். 1991-ல் அது திரும்பிற்று. திருப்பியவர் அலி ஷேர். டெல்லி கோல்ப் கிளப்பில் பை தூக்கியவர். எந்தப் புல்தரையில் பிறருடைய மட்டைகளைச் சுமந்தாரோ அதே புல்தரையில் ஜெயித்தார். 1993-ல் இன்னொரு முறையும் ஜெயித்தார். கால் நூற்றாண்டு காலம் மட்டைக்குச் சொந்தக்காரர்களால் முடியாததை மட்டையைச் சுமந்தவர் முடித்துக் கொடுத்தார்.

2009-ல் அதே இந்தியன் ஓபனை வென்றவர் சின்னசாமி முனியப்பா. பெயரைப் பார்த்தாலே தெரிகிறதல்லவா, நம் பக்கத்து மண்ணென்று! பெங்களூர்க்காரர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஓர் இரவுப் பயணம். அவரும் பெங்களூர் மைதானத்தில் பை தூக்கியவர். கொரியாக்காரர் ஒருவரோடு சமநிலையில் முடிந்து, கூடுதல் குழி ஆடி ஜெயித்தார். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டு போனவன் பெயரும் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளிடம் முனியப்பா யாரென்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாரையும்விடச் சிவசங்கர் பிரசாத் சௌராசியாவின் வாழ்க்கையைத்தான் என் தலைமை ஆசிரியர் நண்பர் படிக்கவேண்டும். 1978-ல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பனார் ராயல் கல்கத்தா கோல்ப் கிளப்பில் புல்தரை பராமரிக்கும் ஊழியர். அந்தக் கிளப் 1829-ல் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றுவரை நடந்துவரும் கோல்ப் கிளப்புகளில் அதுதான் மூத்தது. அத்தனை பழைய புல்லை வெட்டியவரின் பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். 1997-ல் தொழில் ஆட்டக்காரரானார். 2008-ல் ஐரோப்பியச் சுற்றுப்போட்டி முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தது. டெல்லியில் நடந்த அந்தப் போட்டியில் வந்திருந்த அத்தனை பேரையும் தாண்டிக் கோப்பையைத் தூக்கியவர் இந்தப் புல்வெட்டியின் மகன்தான். 2011-ல் இன்னொரு ஐரோப்பியச் சுற்றுப்போட்டி. 2016-லும் 2017-லும் அடுத்தடுத்து இந்தியன் ஓபன். 1904-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் காணாமற்போயிருந்த கோல்ப் 2016-ல் ரியோவில் திரும்ப வந்தபோது, இந்தியாவுக்காக ஆடிய இரண்டு ஆண்களில் அவர் ஒருவர். 2017-ல் அர்ஜுனா விருது.

அவர் ஆட்டத்தில் ஒரு விசேஷம். நெடுந்தூரம் விளாசுவதில் அவர் சூரர் அல்ல. குழியை நெருங்கிய பிறகு, பத்தடி இருபதடியில் பந்தைத் தடவி உருட்டுவதில்தான் அவர் நிபுணர். ஏன் அப்படி? என் ஊகத்தைச் சொல்கிறேன். நூறு ஏக்கரும் தனக்கென்று இருக்கிறவனுக்கு நெடுந்தூர அடி கைவரும். வேலையாட்கள் குடியிருப்புக்கு எதிரில் கிடைத்த துண்டுப் புல்லில் பழகுகிறவனுக்கு அந்தப் பத்தடிதானே உலகம்! இருக்கிற இடத்துக்குத் தக்கபடி வித்தை வளர்ந்துவிட்டது. பாப்வாவின் தலைகீழ்ப் பிடியும் அப்படித்தான். மூடிய கதவுகளின் தழும்பு இவர்களுடைய ஆட்டத்திலேயே இருக்கிறது.

இதற்குமேல் தொழில் ஆட்டக்காரன் வாழ்க்கை என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன். சம்பளம் கிடையாது. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், ரயில் செலவு, அறை வாடகை, தன் பையைச் சுமக்கிறவனுக்குக் கூலி, எல்லாம் சொந்தக் கை. நான்கு நாள் ஆட்டம்; 72 குழிகள். முதல் இரண்டு நாள் முடிந்ததும் கணக்குப் பார்த்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போகிறவனுக்குப் பெரும்பாலும் ஒரு காசும் கிடையாது. மிஞ்சுகிறவர்களிலும் முதல் ஆளுக்குப் பெரும்பங்கு, கடைசி ஆளுக்கு வழிச்செலவு மிஞ்சினால் அதிர்ஷ்டம். நம் கொங்கு நாட்டு மானாவாரி விவசாயிக்கு இது புதிதல்ல. விதையும் உழவும் தன் செலவு. மழை பெய்தால் வெள்ளாமை. பொய்த்தால் விதையும் போச்சு. வீட்டில் அரிசி இருக்கிறவன் நாலு மழை பொய்த்தாலும் தாங்குவான். இல்லாதவன் ஒரே மழையில் நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறுவான். ஆகவே இந்தத் தொழிலில் திறமை மட்டும் போதாது; தோற்பதற்கும் கையில் காசு வேண்டும்.

இனி, எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றி. இவ்வளவு நேரம் ஊர் உலகத்தையெல்லாம் குறை சொன்னேனே, இந்தக் கதையில் குற்றவாளி நான்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நீலகிரிக் கிழங்கெல்லாம் எங்கள் ஊரில்தான் ஏலத்துக்கு இறங்கும். லாரியிலிருந்து தராசுக்கும் தராசிலிருந்து லாரிக்கும் அதைச் சுமந்து சுமந்தே அவர் முதுகு வளைந்துவிட்டது. பையன் பத்தாவதில் தவறினான். மலைமேல் ஒரு மைதானத்தில் அவனுடைய மாமன் புல் வெட்டுகிற வேலையில் இருந்தார். எந்த மைதானம் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த ஒன்றை மட்டும் குறை சொல்வது என் நோக்கமல்ல. பையன் மாமனோடு போய்ச் சேர்ந்தான். பை தூக்குகிறவனுக்கு ஆங்கிலத்தில் ‘காடி’ என்று பெயர். அவன் அம்மாவிடம் தெருப் பெண்கள், “உன்ற மகன் மலையிலே என்ன வேலை பாக்கறான்?” என்று கேட்டால் அந்த அம்மாள் பெருமையாக, “காடி வேலைங்கோ” என்பாள். அது இவர்கள் காதில் ‘கேடி’ என்று விழும். போலீஸ் புத்தகத்தில் பெயர் உள்ளவனுக்கல்லவா நம் ஊரில் அந்தப் பட்டம்! வெகுகாலம் தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு தடவை சிரித்திருக்கிறேன்.

லீவில் கீழே வரும்போது என்னைப் பார்க்க வருவான். என் கதைகளுக்காக அல்ல. என்னிடம் ஆங்கிலப் பத்திரிகை வரும், அதில் கோல்ப் படங்கள் இருக்கும். ஒரு நாள் கேட்டேன், “அங்கே உனக்கு என்னப்பா வேலை? வெறுமனே சுமக்கறதுதானே?”

“சுமக்கறது மட்டுமில்லீங்கய்யா. பைக்குள்ளே பதினாலு மட்டை வரைக்கும் இருக்குமுங்க. இந்த இடத்துக்கு இந்த மட்டைதான் வேணும், குழிக்கு இத்தனை கெசம் இருக்குது, புல்லு இந்தப் பக்கமா சாஞ்சிருக்குதுன்னு நாந்தானுங்க சொல்லோணும். மெம்பரு அடிப்பாருங்க. நல்லா விழுந்தா அவரு அடிச்சதுங்க. தப்பா விழுந்தா நாஞ் சொன்னதுங்க.”

நான் இத்தனை வருஷம் எழுதியும் இவ்வளவு சுருக்கமாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை.

வாரத்தில் மைதானத்துக்கு விடுமுறையான நாளன்று காடிகள் ஆடிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்ததாம். யாரோ ஒரு மெம்பர் கொடுத்த, தலை தேய்ந்த ஒற்றை இரும்பு மட்டையை வைத்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் ஆடுவானாம். மெம்பர்களில் பலர் பதினாலு மட்டையும் வைத்துக்கொண்டு ஆடி எடுக்கிற கணக்குக்கு இவன் ஒற்றை மட்டையில் வந்துவிட்டான். பிறகு ஒரு நாள் புல்தரையில் ஏதோ பள்ளம் விழுந்தது. காடிகள் செய்ததென்று சொல்லி அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். எவனுடைய மாமன் அந்தப் புல்லை வளர்க்கிறானோ அவன் அதன்மேல் ஆடக்கூடாதாம். புல் கெட்டுப்போகுமாம்.

ஏகலைவன் கதையை நாம் குழந்தைகளுக்குக் கண்ணீரோடு சொல்கிறோம். அந்த ஏகலைவனுக்காவது கட்டைவிரல் போகிறவரைக்கும் காட்டில் வில் பிடிக்கத் தடையில்லை.

அப்புறம்தான் அவன் என்னிடம் அந்த உதவியைக் கேட்டான். தொழில் ஆட்டக்காரனாகத் தேர்வுப் போட்டிக்குப் போக ஆசை. பணத்துக்கு மாமன் ஏதோ சீட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் கிளப்பில் ஒரு பெரிய மனிதர் இவன் ஆட்டத்தின் தரம் இன்னதென்று எழுதிக் கையெழுத்திட்டால் நல்லது. அதைக் கேட்டு மரியாதையாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் நான் எழுதித் தரவேண்டும். அவ்வளவுதான். அரைமணி நேர வேலை.

நான் என்ன செய்தேன்? கடிதம் எழுதவில்லை. புத்தி சொன்னேன்! “இதெல்லாம் நமக்கு எட்டாத சமாசாரம், கண்ணு. பணக்காரங்க பொழுதுபோக்கு. நீ ஏன் அதிலே போய் விழறே? கோயம்புத்தூர் மில்லிலே எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், சொல்றேன்.” அவன் எதிர்த்துப் பேசவில்லை. “செரிங்கய்யா” என்று எழுந்து போனான். மில் வேலையும் ஆகவில்லை. இன்று அவன் மண்டியில் இருக்கிறான். தகப்பனார் தூக்கிய மூட்டையைத் தூக்குகிறான். கிளப்காரர்கள் அவனுக்கு மைதானத்தை மூடினார்கள். அவனுக்குள்ளேயே திறந்திருந்த ஒரு கதவை நான் மூடினேன். எது பெரிய பாவம் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

ஆகவேதான் என் நண்பர் ரயிலடியில் சொன்ன வார்த்தை எனக்குச் சுட்டது. ‘பணக்காரர்கள் ஆட்டம், நமக்கென்ன’ என்கிறோம். கிளப் வாசலில் நிற்கிற காவல்காரனும் அதையேதான் சொல்கிறான்: ‘இது பணக்காரர்கள் ஆட்டம், உனக்கென்ன, போ.’ அவன் கர்வத்தோடு சொல்கிறான். நாம் வெறுப்போடு சொல்கிறோம். வாசலில் நிற்கிற பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும்.

ஒன்று: ‘நாட்டில் எத்தனையோ பசி இருக்க, ஒரு பையன் பந்து அடிக்கவில்லை என்பதா கவலை?’ நியாயமான கேள்வி. ஆனால் ஏழைக்குச் சோறு மட்டும்தான் வேண்டும், வித்தையும் புகழும் நமக்கு வேண்டும் என்று யார் பங்கு பிரித்தது? சங்கீத சபையைப் பற்றி எவனாவது இந்தக் கேள்வியைக் கேட்டால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்!

இரண்டு: ‘சௌராசியா வரவில்லையா, முனியப்பா வரவில்லையா? உழைக்கிறவனுக்குக் கதவு திறந்தே இருக்கிறது.’ இதைத்தான் கிளப் மனிதர்கள் மாலை போடும்போது சொல்கிறார்கள். மதிலேறிக் குதித்தவன் ஒருவன் உள்ளே நிற்பதைக் காட்டி, ‘பார், கதவு திறந்திருக்கிறது’ என்பது என்ன நியாயம்? குதித்தவனுக்கு என் நமஸ்காரம். குதிக்கும்போது கால் முறிந்தவர்களை யார் எண்ணினார்கள்?

மூன்று: ‘நாங்கள் காடிகளுக்குத் தீபாவளிக்குத் துணி கொடுக்கிறோம், பிள்ளைகள் படிப்புக்கு உதவுகிறோம்.’ கொடுங்கள், புண்ணியம். ஆனால் நான் கேட்பது தர்மம் அல்ல. பன்னிரண்டு பதினைந்து கிலோ சுமையோடு நாலு மணி நேரத்துக்கு மேல் உங்கள் கூடவே நடந்து, உங்கள் ஒவ்வொரு அடிக்கும் யோசனை சொல்கிறவன் உங்கள் சுமைகூலி அல்ல. உங்களைவிட ஆட்டம் தெரிந்தவன். தெரிந்தவனுக்குத் தெரிந்ததை ஆட இடம் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் காடிகளின் ஆட்ட நாள் என்பது பிரியப்பட்டால் கொடுப்பதாகவும் பள்ளம் விழுந்தால் பிடுங்குவதாகவும் இல்லாமல், எழுதி வைத்த உரிமையாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு போட்டி அவர்களுக்கென்று நடத்தட்டும். ஜெயிக்கிற இரண்டு பேருக்கு அடுத்த வருஷத்துப் பயணச் செலவைக் கிளப் ஏற்கட்டும். நம் நாட்டில் பல கோல்ப் மைதானங்கள் சர்க்கார் நிலத்தில், குத்தகையில் இருப்பவை. அந்த நிலம் என் நண்பருடையது, என்னுடையது, மண்டியில் மூட்டை தூக்குகிற அந்தப் பையனுடையது. 2024-ல் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரைத் தமிழ்நாடு சர்க்கார் திரும்ப எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. புல் இருக்கட்டும். குத்தகைப் பத்திரத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வரி சேரட்டும்.

மற்றது நம்மைப் போன்றவர்களுக்கு. நாம் யாரும் கிளப் மெம்பர்கள் அல்ல. நம்மால் கதவைத் திறக்க முடியாது. ஆனால் நம் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு பையன் கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் எழுதித் தர முடியும். புத்திமதி கொடுப்பது சுலபம். அதில் நமக்குச் செலவில்லை. நடுத்தர வர்க்கத்தின் பெரிய தான தர்மமே இந்தப் புத்திமதிதானே!

போன வாரம் மண்டிப் பக்கம் போனேன். அவன் ஒரு லாரிக்கும் தராசுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டு வந்து, “சவுக்கியங்களாய்யா?” என்று கேட்டான். அந்தக் கடிதத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. வயது இன்னும் முப்பது ஆகவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இந்தக் கட்டுரைதான் வந்தது. இதை அவன் கடிதத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்ள மாட்டான். ஏற்றுக்கொள்ளவும் கூடாது. நாளைக் காலையில் ரயிலடிக்குப் போவதாக இல்லை. அவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன்.